அங்கத்தினர் படியும் ஜனங்களின் கணக்கும்

பார்லிமெண்டு அங்கத்தினர்களின் சம்பளமும் படியும் உயர்த்தப்படும் போதெல்லாம் நம் நாட்டில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. இரண்டு நாள் பத்திரிகைகளில் கண்டனம். தேநீர்க் கடைகளிலும் ரயில் வண்டிகளிலும் ஆத்திரப் பேச்சு. மூன்றாம் நாள் மறதி. 2025 மார்ச்சு மாதத்தில் அங்கத்தினர்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ரூபாயாக, 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு, உயர்த்தப்பட்டபோதும் இதுவே நடந்தது. சம்பளத்தைப் பற்றிய அந்தக் கூச்சலில் ஜனங்களின் கவனத்துக்கு வராமல் போனவை வேறு இரண்டு தொகைகள். தொகுதிப் படி 70,000 ரூபாயிலிருந்து 87,000 ஆகவும், காரியாலயச் செலவுப் படி 60,000 ரூபாயிலிருந்து 75,000 ஆகவும் அதையொட்டி உயர்ந்தன. சம்பளத்தைக் காட்டிலும் இவ்விரண்டைப் பற்றித்தான் ஜனங்கள் அதிகமாக யோசிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நாம் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லி விடுகிறோம். பிரதிநிதிக்குப் பணம் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கொடுக்கப்படும் தொகை மிக அதிகம் என்று வாதாடவும் வரவில்லை. தொகையை நிர்ணயிப்பவரும், அதைப் பெறுபவரும், செலவிடுபவரும், அது சரியாகத்தான் செலவாயிற்று என்று அத்தாட்சி கொடுப்பவரும் ஒருவராகவே இருக்கும் ஏற்பாட்டைத்தான் ஆட்சேபிக்கிறோம். இந்த ஏற்பாடு உள்ள வரையில் யோக்கியமான அங்கத்தினருக்கும் அவப்பெயர் தீராது. உண்மையில் பணம் தேவைப்படும் வேலைக்கும் பணம் கிடைக்காது.

ஜனப் பிரதிநிதிக்குச் சம்பளம் என்பது ஏழைகள் போராடிப் பெற்ற உரிமை. இங்கிலாந்தில் 1838ல் சார்ட்டிஸ்டு இயக்கத்தார் வெளியிட்ட ஆறு கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. சம்பளம் இல்லாத பார்லிமெண்டில் நிலப் பிரபுவும் பெரிய வியாபாரியுமே உட்கார முடியும் என்பதைத் தொழிலாளர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். பிற்காலத்தில் தொழிற்சங்கங்கள் தங்கள் நிதியிலிருந்து தொழிலாளர் பிரதிநிதிகளைப் பராமரித்து வந்தன. 1909ல் ஆஸ்போர்ன் வழக்கில் பிரபுக்கள் சபை அதற்கும் தடை விதித்தது. அதன் பின் 1911ல், லாயிட் ஜார்ஜ் நிதி மந்திரியாக இருந்தபோதுதான், காமன்ஸ் சபை அங்கத்தினருக்கு வருஷத்துக்கு 400 பவுன் என்று ஏற்பாடாயிற்று. "பிரதிநிதிகள் இலவசமாகச் சேவை செய்யட்டுமே" என்று இன்று சிலர் சொல்லும்போது இந்தச் சரித்திரத்தை நாம் நினைவில் வைக்க வேண்டும். இலவசச் சேவை என்பது நடைமுறையில் பணக்காரர் ஆட்சியாகத்தான் முடியும்.

அதே சமயத்தில், நமது தேசிய இயக்கம் இவ்விஷயத்தில் வகுத்த மற்றொரு தர்மமும் உண்டு. 1930 மார்ச்சில், உப்புச் சத்தியாக்கிரகத்துக்குச் சற்று முன், மகாத்மா காந்தி வைசிராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் வைசிராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்பதையும், ஒரு சாதாரண இந்தியனின் தினசரி வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அடுத்த வருஷம் கராச்சிக் காங்கிரஸ், சர்க்கார் சிப்பந்தி எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் சம்பளம் கூடாது என்று தீர்மானித்தது. 1937ல் சென்னையில் ராஜாஜி தலைமையிலும், பிற மாகாணங்களிலும் பதவியேற்ற காங்கிரஸ் மந்திரிகள் அந்த 500 ரூபாய்க்கே சம்மதித்தார்கள். சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 1954ல் தன் அங்கத்தினர்களுக்குச் சட்டம் இயற்றியபோது மாதச் சம்பளம் 400 ரூபாய், தினப்படி 21 ரூபாய் என்று வைத்தது. அந்தத் தொகைகளே இன்றும் இருக்க வேண்டும் என்று புத்தியுள்ளவர் யாரும் சொல்ல மாட்டார்கள். ரூபாயின் மதிப்பு மாறிவிட்டது. ஆனால் வைசிராயின் சம்பளத்தைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்ட தேசம், தன் பிரதிநிதிகளின் செலவையும் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடவில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கிக் கொள்வது அவசியம். சம்பளம் என்பது அங்கத்தினரின் ஜீவனத்துக்கு. அதை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று கேட்க நமக்கு அதிகாரமில்லை. காரியாலயப் படி அத்தகையதன்று. அது அவர் கை வழியாக வோட்டர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். கிராமத்திலிருந்து ஒரு விதவை உதவித்தொகை நின்றுபோனதைப் பற்றி மனு எழுதுகிறாள். கடல் கடந்து வேலைக்குப் போன மகனிடமிருந்து தகவல் இல்லையென்று ஒரு தகப்பனார் வந்து நிற்கிறார். ரயில் நிறுத்தம் வேண்டுமென்று ஓர் ஊரார் மகஜர் கொடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் படித்து, உரிய இலாகாவுக்கு எழுதி, பதில் வரும் வரையில் தொடர்ந்து கவனிக்க ஒரு குமாஸ்தாவாவது வேண்டும். மசோதாக்களைப் படித்துக் குறிப்பெழுதித் தர விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும். காகிதம், தபால், கணிப்பொறி எல்லாம் வேண்டும். இவற்றுக்காகவே காரியாலயப் படி. ஆகையால் அதன் கணக்கு அங்கத்தினரின் சொந்த விவகாரம் ஆகாது.

இந்த வித்தியாசத்தை மறந்த ஒரு பார்லிமெண்டுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. அங்கே பல வருஷங்களாகச் சர்க்கார்கள் அங்கத்தினர்களின் சம்பளத்தை உயர்த்தத் தயங்கின. ஜனங்கள் கோபிப்பார்களே என்ற பயம். சம்பளத்தை அடக்கி வைத்துவிட்டுப் படிகளைத் தாராளமாக்கினார்கள். லண்டனுக்கு வெளியே தொகுதியுள்ள அங்கத்தினர் இரண்டாவது வீடு வைத்துக் கொள்வதற்காக மட்டும் வருஷத்துக்குச் சுமார் 24,000 பவுன் வரை பெற முடிந்தது. 2008 வரையில் 250 பவுனுக்குட்பட்ட செலவுகளுக்கு ரசீதும் கேட்கப்படவில்லை. கோரிக்கைகளைப் பரிசீலித்தது காமன்ஸ் சபையின் சொந்தக் காரியாலயம். எஜமானர்களின் கணக்கை அவர்களுடைய சிப்பந்திகளே சோதிப்பது எவ்வளவு தூரம் நடக்கும்? "தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. தேனெடுத்தவனே காவல்காரனுக்கும் எஜமானனாக இருந்தால் புறங்கையோடு நிற்குமா?

தகவல் உரிமைச் சட்டம் 2005ல் அங்கே அமுலுக்கு வந்ததும் பத்திரிகைக்காரர்கள் இந்தக் கணக்குகளைக் கேட்டார்கள். சபை மறுத்தது, வழக்கு ஹைக்கோர்ட்டு வரையில் சென்றது, 2008 மே மாதத்தில் சபை தோற்றது. கணக்கை அதிகாரபூர்வமாக வெளியிடுவதற்குள், 2009 மே 8ந் தேதி முதல் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை தன் கைக்கு எட்டிய விவரங்களை நாள்தோறும் வெளியிடத் தொடங்கியது. தேசமே திகைத்துப் போயிற்று. ஒருவரின் மாளிகையைச் சுற்றியுள்ள அகழியைச் சுத்தம் செய்த செலவு கணக்கில் இருந்தது. மற்றொருவர் தம் குளத்தில் வாத்துகளுக்காக மிதக்கும் வீடு அமைக்க 1,645 பவுன் கோரியிருந்தார். அது கொடுக்கப்படவில்லையாயினும் கேட்கத் துணிந்ததே போதுமான அவமானமாயிற்று. எந்த வீடு முதல் வீடு, எது இரண்டாவது வீடு என்பதை அடிக்கடி மாற்றிச் சொல்லி இரண்டு வீடுகளுக்கும் பொதுப் பணத்தில் மராமத்து செய்து கொண்டவர்களும் இருந்தார்கள். சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1695ல் லஞ்சம் வாங்கியதற்காக வெளியேற்றப்பட்ட ஜான் டிரெவருக்குப் பிறகு, அவ்விதம் கட்டாயமாக விலகிய சபாநாயகர் அவரே.

விலகலோடு விஷயம் நிற்கவில்லை. பழைய கணக்குகள் திரும்பப் பரிசீலிக்கப்பட்டு, அங்கத்தினர்கள் பத்து லக்ஷம் பவுனுக்கு மேல் திருப்பிச் செலுத்த வேண்டியதாயிற்று. சில அங்கத்தினர்கள் மீது கிரிமினல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் பார்லிமெண்டின் உரிமையைக் கேடயமாகப் பிடித்தார்கள். சபைக்குள் பேசும் பேச்சுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு, பொய் ரசீதுக்கு அல்ல என்று அந்நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு 2010 டிசம்பரில் முடிவு செய்தது. 2011ல் காமன்ஸ் சபையின் முன்னாள் அங்கத்தினர் நால்வரும் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த இருவரும் சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர்களில் ஒருவரின் குற்றம், காகிதமும் அச்சு வேலையும் வாங்கியதாகப் பொய் ரசீது காட்டியது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். காரியாலயச் செலவு என்ற பெயருக்குள்ளே திருட்டு எவ்வளவு எளிதாகப் புகுந்து கொள்கிறது!

இந்த அவமானத்திலிருந்து இங்கிலாந்து கற்றுக் கொண்ட பாடத்தைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கண்டித்துப் பேசுவதோடு நிற்காமல், அந்த வருஷமே ஜூலை மாதத்தில் ஒரு சட்டம் இயற்றி, அங்கத்தினர்களின் செலவை நிர்ணயிக்கவும் கொடுக்கவும் சபைக்கு வெளியே ஒரு சுதந்திர ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். அதன் நிர்வாக சபையில் உயர்ந்த நீதிபதிப் பதவி வகித்த ஒருவரும், தகுதி பெற்ற தணிக்கையாளர் ஒருவரும், முன்னாள் அங்கத்தினர் ஒருவரும் இருக்க வேண்டும். தற்போதைய அங்கத்தினர் எவரும் இருக்கக் கூடாது. 2010 மே மாதம் முதல் புதிய ஏற்பாடு அமுலுக்கு வந்தது. காரியாலயச் சிப்பந்திகளை அங்கத்தினர் பொறுக்கியெடுக்கிறார். சம்பளத்தை அந்த ஸ்தாபனம் நேராகச் சிப்பந்திக்கே கொடுக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையும், அனுமதிக்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. 2017 முதல் புதிதாக உறவினரைச் சிப்பந்தியாக அமர்த்துவதும் தடுக்கப்பட்டது. சம்பளத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் பிற்பாடு அதே ஸ்தாபனத்துக்குக் கொடுக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆரம்ப வருஷங்களில் காகித வேலை பெருகி அங்கத்தினர்கள் அவதிப்பட்டார்கள். பல சில்லறைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க ஆகும் செலவு, கோரிய தொகையை விட அதிகம் என்று தேசியத் தணிக்கை அலுவலகமே 2011ல் சுட்டிக் காட்டியது. 2015ல் அந்த ஸ்தாபனம் சம்பளத்தைச் சுமார் பத்து சதவிகிதம் உயர்த்தி 74,000 பவுன் ஆக்கியபோது, பிரதம மந்திரியும் எதிர்க்கட்சியினரும் வேண்டாமென்று சொல்லியும் அது கேட்கவில்லை. சுதந்திரமான நடுவர் என்றால் எப்போதும் குறைத்தே கொடுப்பார் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த உயர்வுக்கு அங்கத்தினர்கள் தங்கள் கையாலேயே வோட்டளித்தார்கள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியவில்லை. அதுவே அந்த ஏற்பாட்டின் பெரும் நன்மை.

அமெரிக்காவில் வழி வேறு, தத்துவம் ஒன்றே. அங்கே பிரதிநிதி சபை அங்கத்தினருக்குக் காரியாலயப் பணம் கையில் கொடுக்கப்படுவதில்லை. அவருடைய காரியாலயத்துக்காக ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. 18 நிரந்தரச் சிப்பந்திகள் வரை அமர்த்தலாம். செலவுகளைச் சபையின் நிர்வாகமே செலுத்துகிறது. எந்தச் சிப்பந்திக்கு எவ்வளவு, எந்தக் கடைக்கு எவ்வளவு என்ற விவரம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரசுரமாகிறது. உறவினரை நியமிப்பதை 1967ல் இயற்றிய சட்டம் தடுக்கிறது.

இனி நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 106வது ஷரத்து, பார்லிமெண்டு அங்கத்தினர்களின் சம்பளத்தையும் படியையும் பார்லிமெண்டே சட்டத்தால் நிர்ணயிக்கலாம் என்கிறது. ராஜ்யங்களின் சட்டசபைகளுக்கு 195வது ஷரத்து அதே அதிகாரத்தை அளிக்கிறது. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி படிகளைப் பற்றிய விதிகளைச் செய்வது ஒரு கூட்டுக் கமிட்டி. அதில் லோக் சபையிலிருந்து பத்துப் பேர், ராஜ்ய சபையிலிருந்து ஐந்து பேர். பதினைந்து பேரும் படி பெறுகிறவர்களே. வெளியார் ஒருவரும் இல்லை.

இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2010ல் கண்டோம். அப்போது அங்கத்தினர்களின் சம்பளம் 16,000 ரூபாய். அதை 80,001 ரூபாயாக்க வேண்டும் என்று பார்லிமெண்டுக் கமிட்டி சிபாரிசு செய்தது. அந்த ஒரு ரூபாய் எதற்கு? சர்க்கார் காரியதரிசியின் சம்பளம் 80,000 ரூபாய். அவருக்கு மேல் தாங்கள் என்று காட்டுவதற்கு! மந்திரிசபை 50,000 ரூபாய்க்குச் சம்மதித்தது. அங்கத்தினர் சிலர் சபையில் அமளி செய்தபின் படிகளில் இன்னும் 10,000 ரூபாய் கூட்டப்பட்டது. தொகுதியின் தபால்களைக் கவனிக்க எத்தனை குமாஸ்தா வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. கௌரவத்தின் பெயரால் சம்பளம் கேட்கப்பட்டது. சமாதானத்தின் பெயரால் படி கொடுக்கப்பட்டது.

2018 பிப்ரவரி பட்ஜெட்டுப் பிரசங்கத்தில் நிதி மந்திரி அருண் ஜெட்லி, பெறுகிறவர்களே தங்கள் ஊதியத்தை நிர்ணயிப்பது கண்டனத்துக்கு இடமளிக்கிறது என்று ஒப்புக் கொண்டு, சம்பளம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டெண்ணை அனுசரித்துத் தானாக மாறும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். 2025ல் வந்த உயர்வு அதன் பயனே. இது ஒரு முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் பாதி வேலைதான் முடிந்தது. சம்பளம் குறியீட்டெண்ணின் கைக்குப் போயிற்று. காரியாலயப் படியும் தொகுதிப் படியும் பழைய கமிட்டியின் கையிலேயே இருக்கின்றன. மேலும், குறியீட்டெண் எவ்வளவு கொடுப்பது என்பதைச் சொல்லுமேயன்றி, கொடுத்தது என்னவாயிற்று என்பதைச் சொல்லாது.

75,000 ரூபாய்க் காரியாலயப் படியில் 50,000 ரூபாய் உதவியாளருக்கு; 25,000 ரூபாய் காகிதம், தபால் முதலியவற்றுக்கு. உதவியாளரின் பணத்தைச் சபையின் காரியாலயமே நேராக அவருக்குக் கொடுக்கலாம் என்ற விதி இருக்கிறது. இது நல்ல அம்சம். ஆனால் அவர் கணிப்பொறி அறிந்தவர் என்று அத்தாட்சி தருபவர் அங்கத்தினரே. அவர் யார், என்ன வேலை செய்கிறார் என்பது வோட்டர்களுக்குத் தானாக அறிவிக்கப்படுவதில்லை. தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெற்ற விவரங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, மனைவியையும் மக்களையும் உதவியாளராகக் காட்டிய அங்கத்தினர்கள் பல கட்சிகளிலும் இருப்பது தெரிய வந்தது. அவர்களில் உண்மையாகவே உழைத்த உறவினர்களும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அதை நம்பும்படி ஜனங்களுக்கு எந்த ஆதாரமும் கொடுக்கப்படவில்லை. தொகுதிப் படியோ மொத்தமாக வருவது; அதற்கு ரசீதும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

இவ்விரண்டு படிகளும் சேர்ந்து அங்கத்தினர் ஒருவருக்கு மாதம் 1,62,000 ரூபாய். லோக் சபையின் 543 பேரும் ராஜ்ய சபையின் 245 பேரும் முழுத் தொகையையும் பெற்றால் வருஷத்துக்குச் சுமார் 153 கோடி ரூபாய் ஆகிறது. ஐம்பது லக்ஷம் கோடி ரூபாய் பட்ஜெட்டில் இது ஒரு துளி. ஆகவே இதை நிறுத்தினால் தேசம் செழித்துவிடும் என்று பேசுவது வீண் பேச்சு. நமது கவலை வேறு. 2024 தேர்தலில் ஒரு லோக் சபைத் தொகுதிக்குச் சராசரி 17 லக்ஷத்துக்கு மேற்பட்ட வோட்டர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு தொகுதியின் வோட்டர் தொகையைப் போல் இது இருபது மடங்குக்கும் அதிகம். இத்தனை பேருடைய மனுக்களையும் கவனிக்க உதவியாளருக்கென 50,000 ரூபாய் போதுமா? போதாது என்பதே நமது அபிப்பிராயம். உழைக்கும் அங்கத்தினர் சொந்தப் பணத்தைப் போடுகிறார், அல்லது கட்சித் தொண்டர்களையும் காண்டிராக்டர்களையும் நம்புகிறார். காண்டிராக்டரின் ஆள் எழுதும் மனுவில் காண்டிராக்டரின் காரியம்தானே முதலில் நடக்கும்? ஆயினும் தொகையைக் கூட்டு என்று ஜனங்களிடம் யார் சொல்ல முடியும்? இப்போது கொடுப்பதற்கே கணக்கு இல்லாதபோது கூடுதலாகக் கேட்கும் வாய் எங்கிருந்து வரும்? கணக்கின்மையால் நஷ்டப்படுகிறவள் நாம் மேலே சொன்ன விதவையேதான்.

உயர்த்துவதில் மட்டுமல்ல, குறைப்பதிலும் இதே குருட்டுத்தனத்தைக் கண்டோம். 2020 ஏப்ரலில் கொரோனா நோய் பரவியபோது, ஒரு வருஷத்துக்குச் சம்பளம் 30 சதவிகிதம் குறைக்கப்பட்டது. தொகுதிப் படி 70,000 ரூபாயிலிருந்து 49,000 ஆகவும், காரியாலயப் படி 60,000 ரூபாயிலிருந்து 54,000 ஆகவும் குறைந்தன. சம்பளக் குறைப்பு தியாகத்தின் அறிகுறி, பாராட்டலாம். ஆனால் ஊர் திரும்ப வழியின்றித் தவித்த தொழிலாளரும், ஆஸ்பத்திரியில் இடம் தேடியவர்களும் பிரதிநிதியின் வாசலில் வந்து நின்ற அந்தச் சமயத்தில் காரியாலயச் செலவைக் குறைத்ததில் என்ன தியாகம் இருக்கிறது? சம்பளத்தையும் காரியாலயப் படியையும் ஒன்றாகவே எண்ணும் மனப்பான்மைதான் இதற்குக் காரணம்.

தமிழ்நாட்டின் கதையும் வேறல்ல. 2017 ஜூலையில் நமது சட்டசபை அங்கத்தினர்களின் சம்பளமும் படிகளும் சேர்ந்து மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று முதல் மந்திரி எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதற்கான மசோதா 2018 ஜனவரியில், போக்குவரத்துத் தொழிலாளர்கள் தங்கள் பாக்கித் தொகைக்காக வேலை நிறுத்தம் செய்து கொண்டிருந்தபோது, சபைக்கு வந்தது. பஸ் ஓட்டுகிறவனின் நிலுவைக்குப் பணமில்லை, சட்டம் செய்கிறவர்களின் உயர்வுக்குப் பணமுண்டு என்று ஜனங்கள் பேசியதில் வியப்பென்ன? உயர்வுக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம். தாமே தமக்கு அளித்துக் கொண்டதால் அக்காரணங்கள் யார் காதிலும் ஏறவில்லை.

நாம் கூறும் சீர்திருத்தத்துக்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படும். பார்லிமெண்டுக்கு மேல் ஒரு அதிகாரியை வைப்பது அதன் சர்வாதிகாரத்துக்குக் குறைவு என்பது ஒன்று. சர்வாதிகாரம் பார்லிமெண்டுக்கு ஜனங்கள் கொடுத்தது. ஜனங்களிடமிருந்து கணக்கை மறைப்பதற்காகக் கொடுத்ததன்று. நீதிபதிகளும் கணக்குத் தணிக்கை அதிகாரியும் பார்லிமெண்டு இயற்றும் சட்டத்தின்படியே சம்பளம் பெற்றும் சுதந்திரமாக வேலை செய்யவில்லையா? பார்லிமெண்டே ஒரு சட்டத்தால் இந்த ஸ்தாபனத்தை ஏற்படுத்தினால் அதன் கௌரவம் உயருமேயன்றிக் குறையாது. மற்றோர் ஆட்சேபம், ஒவ்வொரு தபால் தலைக்கும் கணக்கெழுதிக் கொண்டிருந்தால் அங்கத்தினர் ஜனங்களுக்கு எப்போது உழைப்பார் என்பது. இது நியாயமான கவலை. இங்கிலாந்தின் அனுபவம் இதற்கே எச்சரிக்கை. ஆனால் பரிகாரம் கணக்கை விடுவதில் இல்லை. பணத்தை அங்கத்தினர் கையில் கொடாமல், வாடகையையும் சிப்பந்திச் சம்பளத்தையும் நேராகச் செலுத்துவதில் இருக்கிறது. அவர் கைக்கு வராத பணத்துக்கு அவர் ரசீது சேர்த்து வைக்க வேண்டியதில்லை.

கணக்குக் காட்டுவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான வழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செங்கற்பட்டுச் சீமையிலுள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடியும் அதற்குத் தகுதியற்றவன். அவன் நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. அந்தச் சபை பிராமணர்களின் கிராமச் சபை. நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கே அதில் இடம். இன்றைய ஜனநாயகத்துக்கு அதை ஒப்பிட முடியாது. ஆயினும் பொதுக் காரியத்தில் கைவைத்தவன் கணக்கொப்புவிக்காமல் திரும்ப வரலாகாது என்ற நியாயத்தை ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே நம் முன்னோர் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று வீட்டுக்கு வீடு சொல்லும் ஜனங்கள் நாம்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. முதலாவதாக, அங்கத்தினர்களின் சம்பளம், படி, காரியாலயச் செலவு யாவற்றையும் நிர்ணயிக்கத் தற்போதைய அங்கத்தினர் எவரும் இல்லாத சுதந்திர ஸ்தாபனம் ஒன்றைப் பார்லிமெண்டு சட்டத்தால் அமைக்க வேண்டும். ராஜ்ய சட்டசபைகளும் அவ்வாறே செய்ய வேண்டும். இரண்டாவதாக, காரியாலயச் செலவு அங்கத்தினர் கைக்கு வராமல், சிப்பந்திக்கும் வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் நேராகச் செல்ல வேண்டும். மூன்றாவதாக, மொத்தமாகக் கொடுக்கும் தொகுதிப் படியை நிறுத்தி, அதையும் இந்தச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்காவதாக, உறவினரை நியமிப்பதைத் தடுத்து, தொகுதிதோறும் கணக்கை மூன்று மாதத்துக்கொரு முறை அந்தந்தப் பாஷையில் வெளியிட வேண்டும். இவையெல்லாம் நடந்தபின், வேலையின் அளவுக்குத் தக்கபடி தொகையை இரண்டு மடங்காக்கினாலும் அதை ஆதரித்து எழுத நாம் தயங்க மாட்டோம்.

இச்சீர்திருத்தத்தை அங்கத்தினர்கள் தாமாகக் கொண்டு வருவார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. இங்கிலாந்திலும் அவர்கள் தாமாகக் கொண்டு வரவில்லை. நமது நாட்டில் அத்தகைய அவமானம் நேர்ந்த பின்தான் விழிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஒன்றுமில்லை. அடுத்த தேர்தலில் வோட்டுக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சிக்காரராயினும், ஒரு கேள்வியைத் தேச ஊழியர்கள் ஊர்தோறும் கேட்க வேண்டும்: "எங்கள் மனுக்களைக் கவனிக்க உமக்குக் கொடுக்கப்படும் பணத்தின் கணக்கை எங்களுக்குக் காட்டுவீரா?" சட்டம் வரும் வரையில் காத்திராமல், தம் காரியாலயக் கணக்கைத் தாமே மாதந்தோறும் தொகுதியில் ஒட்டி வைக்க அவர் சம்மதிக்கலாம், அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு முன்வருகிறவரின் பெயரை, கட்சி பேதமின்றி, ஜனங்கள் நினைவில் வைத்துக் கொள்வார்களாக.